மேல் தட்டில் விட்டு வந்த கிளாம்புகள்

சோற்றில் கை வைத்தபடியே, கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் அந்தச் சாரக்காரர் ஜன்னலைப் பார்த்தார். எதிர்மாடியில் காயப்போட்ட துணிகள் படபடத்தன. காற்று கிளம்பிவிட்டது.

"தட்டைப் பாத்துச் சாப்பிடுங்க. ஜன்னலா பரிமாறுது?" என்றாள் மனைவி.

நேற்று வேலை முடியும்போது சாரத்தின் மேல் தட்டில் கொஞ்சம் கிளாம்ப் மிஞ்சியது. குழாயோடு குழாயை இறுக்கிப் பிடிக்கும் இரும்புக் கவ்விகள். தலையில் விழுந்தால் ஒன்றே போதும். கீழே இறக்கினால் திரும்பவும் சுமந்து ஏற்ற வேண்டுமே என்று மேலேயே விட்டு வருவது அவருடைய ஆட்களின் பழக்கம். விளிம்பில் தடுப்புப் பலகை இருக்கிறது, வெளியே வலை இருக்கிறது என்ற தைரியம். நேற்று "கிடக்கட்டும்" என்று சொன்னதும் அவர்தான்.

ஆனால் கடைசிக் குழாயை உள்ளே வாங்குவதற்காகப் பலகையைக் கழற்றி, வலையின் மூலையையும் அவிழ்த்திருந்தார். திரும்பக் கட்டினாரா? கட்டினேன் என்றது கை. இல்லை என்றது மனசு. கீழே பஸ் நிறுத்தம் வேறு.

விடுமுறை நாளில் கட்டடத்தில் இருக்கும் ஒரே ஆளான காவலாளியைப் போனில் கூப்பிட்டார்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவர் எழுந்து கை கழுவினார்.

சாப்பிட வந்திருந்த மைத்துனன் பஸ் கண்டக்டர். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "போன தடவை கேஸ அணைச்சோமான்னு பாதி வழியில திரும்புனீங்க. இன்னைக்குச் சாரமா மாமா?" என்றான்.

"வாய மூடிட்டு ஓட்டு மாப்ள."

"ரெண்டுல ஒண்ணுதான் முடியும்."

கட்டடத்துக்கு எதிரே இறங்கி அண்ணாந்து பார்த்தார். வலையின் மூலை காற்றில் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, நிழலுக்காக ஒரு கூட்டம்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மேலேருந்து ஏதாச்சும் விழும்."

வீட்டுச் சட்டை, தலையில் ஹெல்மெட் இல்லை. பையோடு நின்ற அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருப்பா நீ, எங்கள வெயில்ல நிக்கச் சொல்ல?"

மைத்துனன் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினான். "பின்னாடி போ, பின்னாடி போ! பெரியம்மா, பைய எடுத்துக்கிட்டு நகருங்க, அந்தப் பக்கம் காலியா கெடக்கு!"

என்ன மாயமோ, கூட்டம் யோசிக்காமல் நகர்ந்தது. வண்டியைக் குறுக்கே போட்டு, கைகளை விரித்து நின்றுகொண்டான்.

அவர் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் சாரம் லேசாக உதறியது. மேல் தட்டில் முழங்காலை வைத்ததுமே ஒரு கிளாம்ப் உருண்டது. பாய்ந்து கையை நீட்டினார். விரலில் பட்டது, பிடிபடவில்லை.

கீழே 'டங்'கென்ற சத்தம். ஆள் இல்லாத நடைபாதையில் ஒரு கல் பெயர்ந்து தெறித்தது.

"மாமா!" என்று கத்தினான் மைத்துனன். கேலி எங்கோ போய்விட்டிருந்தது.

காற்று தள்ளியதா, தன் கால் தள்ளியதா? வராமலே இருந்திருந்தால் அது அங்கேயே கிடந்திருக்குமா? மிச்சத்தைச் சாக்கில் போட்டு, சாக்கைக் குழாயோடு சேர்த்துக் கட்டினார். பலகையைப் பொருத்தினார். வலையின் மூலையை முடிந்து, இழுத்துப் பார்த்து, நம்பாமல் இன்னொரு முடிச்சும் போட்டார்.

"பஸ் வருது மாமா! ஆளுங்கள உள்ள விடலாமா?"

விடலாம் என்று சொல்ல வாய் திறந்தார். கண் பக்கத்துத் தட்டுக்குப் போனது. அதைக் கட்டியதும் அதே ஆட்கள்தான். அங்கே எதையெல்லாம் "கிடக்கட்டும்" என்று விட்டார்களோ!

"விடாத! பஸ்ஸ முன்னாடி தள்ளி நிறுத்தச் சொல்லு. நான் இன்னும் பாத்து முடிக்கல."

பலகையின் விளிம்பைத் தடவியபடியே அடுத்த தட்டுக்குத் தவழ்ந்தார்.