அடைப்புக் கட்டையைத் தொட ஆளில்லை

வாருங்கள், தோழர்களே! இந்த அநியாயத்தை உங்கள் கண்களாலேயே பாருங்கள். மதுரைக்கு மேற்கே, எழுமலைப் பாதையில் ஒரு கண்மாய். மார்கழி மாதம், பாதிக்கு மேல் நீர் நிற்கிறது. கரையடியில் தலைமடை வயல்கள் செழித்துச் சாய்கின்றன. கால்வாய் முடியும் இடத்திலோ, தங்கப்பொண்ணு என்னும் விதவையின் அரை ஏக்கர் வெடித்துக் கிடக்கிறது. நெல் பால் பிடிக்கும் பருவம். இப்போது நீர் பாய்ந்தால் அவள் வீட்டில் சோறு. பாயாவிட்டால் வெறும் வைக்கோல்.

ஏன் பாயவில்லை? பண்ணையாட்களாய் இருந்தோருக்குச் சர்க்கார் அந்த நிலத்தைப் பட்டா செய்து தந்தது சென்ற ஆண்டுதான். இன்னார் வயலுக்கு இத்தனை பகல் என்னும் நீர் முறையோ பாட்டன் காலத்தது. "முறையில் இல்லாத நிலத்துக்கு மழைதான் கதி" என்று தீர்ப்பளித்துவிட்டார் கண்மாய் நாட்டாண்மை அழகுமலை.

அந்தக் கண்மாயின் மடை நீருக்கடியில் இருக்கிறது. மூழ்கிப் போய்க் கல்துளையிலிருந்து மரக்கட்டையைப் பிடுங்கினால் நீர் பாயும். மீண்டும் மூழ்கிச் செருகினால் நிற்கும். உயிரைப் பணயம் வைக்கும் இந்த வேலை சேரிக்கே விதிக்கப்பட்டது. இன்று அதைச் செய்பவன் தங்கப்பொண்ணின் அண்ணன் சின்னக்கருப்பன். தங்கையின் வயலுக்கு நீர் எட்டுமுன் மடையை அடைக்க வேண்டியதும் அவனே! இதைவிடக் கொடுமை உண்டா?

அன்று காலை தலைமடை நிறைந்தது. மடையை அடைக்கக் கட்டையோடு மூழ்கிய சின்னக்கருப்பன், கட்டையோடே எழுந்தான்.

"முங்கி அடைக்க மூச்சு நிக்கலீங்க சாமி."

"தெறக்கையில நின்ன மூச்சு அடைக்கையில எங்கடா போச்சு?" என்று சீறினார் அழகுமலை.

"தங்கச்சி வயலுக்குப் போயிருச்சுங்க."

கட்டையைக் கரையில் வைத்துவிட்டு அவன் உட்கார்ந்துகொண்டான். கூடியிருந்தோர் திகைத்தனர். மடை திறந்தே கிடந்தது. கால்வாயை மறித்தால் தலைமடைப் பயிர் மூழ்கும். மறிக்காவிட்டால் கண்மாய் வற்றும். அடுத்த முறைக்குத் தண்ணீர் எவருக்கும் இல்லை.

அழகுமலை தம் மருமகனைப் பார்த்தார். "விருமாண்டி, நீதான் நல்லா நீச்சலடிப்பியே. எறங்கி அடை மாப்ள."

"அவனுக தொட்டுத் தொட்டுப் புழங்குன கட்டை மாமா. அதைத் தொட்டுட்டு வீட்டுக்குள்ள எப்படிப் போறது?"

கரைக்குக் கீழே நின்ற தங்கப்பொண்ணு குரல் கொடுத்தாள்: "எங்கண்ணன் முங்கி எந்திரிச்ச தண்ணியத்தான சாமி மூணு வேளையும் குடிக்கிறீக?"

யாரோ சிரித்தார்கள். விருமாண்டி தலை குனிந்தான். அவர்கள் பிறருக்குப் போட்ட தீட்டுப் பூட்டில் அவர்கள் கையே மாட்டிக்கொண்டது!

தலைமடையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த பீர் முகமதுவை நோக்கி, "ராவுத்தரே, ஒமக்குத்தான் தீட்டுக் கீட்டு இல்லையே?" என்றார் அழகுமலை.

"எனக்கு இதுல தொழுகைக்கு முந்திக் கைகால் கழுவி ஒளுச் செய்ய மட்டுந்தான் தெரியும் அண்ணே. உள்ள போனா நேரே மவுத்துதான்." சிரித்த முகம் மாறியது. "தண்ணி ஓடிக்கிட்டிருக்கு. என் முறையில பாதிப் பகலை அந்தப் பொம்பளைக்கு விட்டுத் தாரேன். நீங்க எம்புட்டு விடுவீக?"

மடை நீர் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. விருமாண்டிதான் முதலில் வாய் திறந்தான்: "நம்மளும் பாதி விடுவோம் மாமா. எல்லாம் போறதுக்குப் பாதி போனா என்ன?"

அழகுமலை பல்லைக் கடித்தார். "சரி. இந்த வெள்ளாமைக்கு மட்டும்."

சின்னக்கருப்பன் அசையவில்லை. "எனக்கு மூச்சு வருசா வருசம் வேணுங்களே."

"ஒவ்வொரு முறைக்கும் கடைமடைக்கு ஒரு பகல்! போதுமாடா?"

"கடைமடை நனையட்டும். அடுத்த நிமிசம் அடைக்கிறேன்."

அந்திக்குள் தங்கப்பொண்ணின் வயலில் கணுக்கால் ஆழம் நீர் நின்றது. அவள் கையசைத்தாள். சின்னக்கருப்பன் கட்டையோடு மூழ்கினான், மேலே வந்தபோது அவன் கை வெறுமையாய் இருந்தது. மடை அடைபட்டது. தையில் அந்த அரை ஏக்கரும் அறுப்பாயிற்று.

ஆனால், அழகுமலை தந்தது வாய்ச்சொல்தான். அடுத்த ஆண்டு அதை மறக்க ஆயிரம் சாக்குப் பிறக்கும். தோழர்களே, படித்து மகிழ்ந்து மடித்து வைக்க இதை எழுதவில்லை. உங்கள் ஊரிலும் முறையில் சேராத ஒரு வயல் உண்டு. தலைமடைக்காரரே, உம் பங்கில் எவ்வளவு விடுவீர் என்று ஊர் நடுவே நீரே முதலில் சொல்லும்! கடைமடைக்காரரே, கெஞ்சாதீர், ஒன்றுகூடி உம் பகலைக் கேளும்! வரும் ஆடிக்குள் அந்த வயலை முறையில் ஏற்றுங்கள்!