எண்ணெய்த் துணிகள்

என் வாய்க்குப் பூட்டே கிடையாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷமும் அந்த வாயால் அவர் தம்பியை நான் பேசாத பேச்சில்லை. "கூடப் பிறந்த அண்ணனையே கொளுத்தினவன்" என்று தெருவே கேட்கச் சொன்னேன். நரம்பில்லாத நாக்குதானே, எப்படி வேண்டுமானாலும் வளைந்தது.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து பெயிண்டிங் வேலை செய்தார்கள். சுவருக்குப் பெயிண்ட், கதவுக்கும் மேஜைக்கும் ஆளிவிதை எண்ணெய், வார்னிஷ். வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில்தான் சாமான் எல்லாம். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. மரத்துக்கு எண்ணெய் தேய்த்த துணிகளை அன்றன்றைக்கே வேலிக் கம்பியில் ஒவ்வொன்றாக விரித்துப் போடுவார். ஒன்றோடொன்று படக்கூடாது. நான் கேலி செய்வேன். "என் புடவையை ஒருநாளாவது இப்படி உதறிக் காயப் போட்டிருக்கீங்களா?" அவர் சிரித்துக்கொண்டே அடுத்த துணியை விரிப்பார். கந்தலைக்கூடத் தூக்கிப் போட மனசு வராத கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அவர் காலையிலேயே ஒரு மேஜைக்கு எண்ணெய் தேய்த்து, துணிகளை வேலியில் போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். வருகிறவர்கள் கண்ணில் முதலில் படப்போவது அந்த அழுக்குக் கந்தல்தான். எனக்கு எரிச்சல். எல்லாவற்றையும் சுருட்டி ஓர் அட்டைப்பெட்டியில் திணித்து, ஷெட்டில் பெஞ்சுக்கு அடியில் காலால் தள்ளினேன். ஷெட் வாசலில் கொழுந்தன் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அவனையும் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

மதியம் ஷெட் எரிந்தது. அப்போதுதான் திரும்பியிருந்த அவர் உள்ளே ஓடினார். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டினாற்போல் இருந்தது. அந்த வீட்டில் கைக்குழந்தை. சட்டென்று பற்றிக்கொள்ளும் தின்னர் டின், பெயிண்ட் டின், எண்ணெய் டின் என்று ஒவ்வொன்றாக இழுத்து வெளியே போட்டார். பதினோரு டின். பன்னிரண்டாவதுக்குப் போனவரைத்தான் தூக்கி வந்தார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போனது.

சிகரெட்டைப் பார்த்தவள் நான். அதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

இப்போது வீட்டை விற்று மகளோடு போகிறேன். வாங்குகிறவர்கள் அந்தப் பதினோரு டின்னும் இருக்கக்கூடாது என்றார்கள். சாக்கடையில் ஊற்றவும் கூடாதாம், குப்பை வண்டியும் எடுக்காதாம். ஊருக்கு வெளியே பெயிண்ட் கழிவு வாங்கும் கிடங்குக்கு லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். போவதற்கு முன் காலையில், ஒரு டின்னில் மிச்சமிருந்த எண்ணெயை வீணாக்குவானேன் என்று வாசல் கதவுக்கு நானே தேய்த்துத் தீர்த்தேன். துணிகளைச் சுருட்டி ஒரு சாக்கில் அடைத்து, அதையும் வண்டியில் போட்டேன்.

கிடங்கில் கையுறையும் பூட்ஸும் போட்ட ஒரு அம்மா. ஒவ்வொரு டின்னாக மூடியைத் திறந்து பார்த்துப் பிரித்து வைத்தாள்.

"தின்னர் தனியா. ஆயில் பெயிண்ட் தனியா. இது தண்ணி பெயிண்ட், அடியில கொஞ்சம்தான் இருக்கு. இதுல மண்ணைப் போட்டு நல்லாக் காய வெச்சா போதும்."

பிறகு சாக்கைத் தூக்கினாள். தூக்கியவள் நின்றாள். கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளே கை விட்டாள்.

"யாரும்மா இதைக் கட்டினது?"

"நான்தான். ஏன்?"

"கையை வெச்சுப் பாருங்க."

வைத்தேன். உள்ளே சுட்டது. காய்ச்சல் பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது.

அவள் மொத்தத்தையும் தண்ணீர் வாளியில் அமுக்கினாள். "ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு வரும்மா. விரிச்சுப் போட்டா அது காத்துல போயிடும். சுருட்டி அடைச்சா எங்க போகும்? ரெண்டு மூணு மணி நேரத்துல தானாவே பத்திக்கும். நெருப்பே வேணாம்."

"நெருப்பே வேணாமா?" என்று கேட்டேன். அவள் மறுபடி சொன்னாள். நான் மறுபடி கேட்டேன். வண்டிக்காரன் வந்து தோளைத் தொட்டு, "ஏறுங்கம்மா" என்றான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என் கையில் இருந்தது. இன்னும் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தது.

கொழுந்தன் இப்போது பிரஷ்ஷைத் தொடுவதில்லை. ஒரு ஹார்டுவேர் கடையில் ஆணி நிறுத்துப் போடுகிறான். வண்டியை நேரே அங்கே விடச் சொன்னேன். என்னைப் பார்த்ததும் தராசை விட்டு எழுந்து நின்றான். தலை பாதி நரைத்திருந்தது.

"அந்தச் சிகரெட்டை என்ன பண்ணினே?"

"தண்ணித் தொட்டியில அணைச்சுட்டுத்தான் போனேன் அண்ணி."

"அப்போ ஏன்டா அன்னிக்கே சொல்லல?"

அவன் என் கையைப் பார்த்தான். பிசுக்கைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணன் சொல்ல வேணாம்னாரு. கடையிலேர்ந்து வந்தவரு வேலி காலியா இருக்கறதைப் பார்த்துட்டுத்தான் ஷெட்டுக்கு ஓடியிருக்காரு. போகும்போதே பெட்டி எரிஞ்சுட்டு இருந்துச்சாம். ஆஸ்பத்திரியில என்கிட்ட சொன்னாரு. 'துணியை ஏன் காயப் போடறேன்னு அவகிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கணும்டா. சொன்னா பயந்துபோய் தொழிலையே விடச் சொல்லுவான்னு சொல்லாம இருந்துட்டேன். தப்பு என்னுது. அவளுக்குத் தெரியவேணாம், தாங்கமாட்டா.'"

"அதுக்காகப் பழியை நீ ஏத்துப்பியா?"

"ஏத்துக்கல. இல்லைன்னு சொல்லல, அவ்வளவுதான். நீங்க என்னைத் திட்டற வரைக்கும் வேற யாரு காரணம்னு யோசிக்க மாட்டீங்கன்னு இருந்துட்டேன்."

ஆத்திரம் வந்தது. யாரைக் கேட்டுத் தூக்கிச் சுமந்தாய் என்று கத்த வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. கடைக்குள் வந்த ஆள் ஒருவர் ஒன்றும் வாங்காமல் திரும்பிப் போனார். அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, முகம் துடைக்கத் துண்டைக் கொடுத்தான்.

"உனக்கு நான் என்னடா செய்யணும்? சொல்லு" என்றேன்.

"ஒண்ணும் வேணாம் அண்ணி." தராசடியில் சிதறிக் கிடந்த ஆணிகளைப் பொறுக்கினான். "கடைசியா அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்க்க விட்டிருக்கலாம்."

அன்றைக்கு அவரைக் கிடத்தியிருந்த வீட்டு வாசலில் வெகுநேரம் நின்று தட்டினான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டவள் நான்தான்.