சாவுச் சவாரி ஏற்றாத வண்டி

சிகரெட் லைட்டர் ஓட்டையில் அந்தக் குட்டி ப்ளூடூத்தைச் சொருகி ஆஷ்லின் இரண்டு தட்டு தட்டினாள். விளக்கு எரியவில்லை. பின்னால் ஆஸ்பத்திரி ஆட்கள் அவள் அப்பா ஏசுராஜை ஸ்ட்ரெச்சரிலிருந்து ஆம்னி வேனுக்குள் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். நடு சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டிருந்தது. பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"பாட்டு வருதா பாப்பா?" மாஸ்க்குக்குள்ளிருந்து அப்பா கேட்டார்.

"இருப்பா. உன் வண்டி கெஞ்சினாத்தான் கேக்கும்."

இருபது வருஷத்து ஆம்னி. ஸ்டீரியோவின் கேசட் வாய் எப்போதோ அடைத்துப்போய், ரேடியோ மட்டும் மிச்சம். போனில் இருக்கும் பாட்டை இந்தக் குட்டி சாமான் ரேடியோவுக்கு அனுப்பும். ஸ்டீரியோவும் அதை ஏதோ ஒரு ஸ்டேஷன் என்று நம்பிக்கொண்டு பாடும். அதை வாங்கிவந்த நாளிலிருந்து ஏசுராஜுக்குத் தலைகால் புரியவில்லை. பின்பக்கம் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை வைத்து, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் சவாரி அடித்தார். இன்றைக்கு அந்த இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில்தான் அவர் தலை கிடந்தது.

"வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க, உசுரு இருக்கறப்பவே வீடு போய்ச் சேர்ந்துடுங்க" என்று டாக்டர் வராண்டாவில் சொன்னார். ஆஷ்லின் அதை விழுங்கிவிட்டு உள்ளே போய், "எல்லாம் நல்லா இருக்குதாம்பா. வீட்ல ரெஸ்ட் எடுத்தா போதுமாம்" என்றாள். அம்மா சகாயமேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வைத்தால் பொய் பல்லிளித்துவிடும். அதனால்தான் அவர் வண்டியையே கொண்டுவந்தாள்.

வேறு என்ன செய்வாள்? சாவு என்றால் அந்த மனுஷருக்கு அப்படியொரு பயம். ஊரில் யார் செத்தாலும் வீட்டுக்குள் போகமாட்டார். டீக்கடையில் உட்கார்ந்து, ஊர்வலம் கல்லறை போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுந்திருப்பார். எவ்வளவு பணம் கொடுத்தாலும் சாவுச் சவாரி ஏற்றமாட்டார், மலர் வளையத்தைக்கூட வண்டியில் வைக்கவிடமாட்டார். போன வாரம் சர்ச் சாமியார் கடைசி எண்ணெய் பூச வந்தபோது, "அதெல்லாம் போறவங்களுக்கு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடைசி மூச்சு வரைக்கும் அவருக்குத் தெரியக்கூடாது. ஆஷ்லினுக்கு இன்றைக்கு வேண்டியது அது ஒன்றுதான். வீட்டில் இருந்த தம்பி பிரபுவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், "போன் பண்ணாத, மெசேஜ் போடு" என்று.

விளக்கு எரிந்தது. பாட்டு வந்தது. அம்மா பின்னால் அப்பா பக்கத்தில் உட்கார, வண்டி கிளம்பியது.

கோட்டக்குப்பம் தாண்டி, பெரிய முதலியார்சாவடி தாண்டி, பழைய சினிமாப் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. அப்பாவின் விரல் மெத்தையில் தாளம் போட்டது. கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டே வந்தது. பொம்மையார்பாளையத்தில் புதுச்சேரி ரேடியோ நடுவில் புகுந்து, யாரோ ஒருத்தி நகைக்கடை விளம்பரத்தைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். பிறகு வெறும் கரகரப்பு. அதே இடத்தில் சாலை முழுக்கச் சாமந்திப் பூ இறைந்து கிடந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் யாரையோ தூக்கிப் போயிருக்கிறார்கள். ஆஷ்லின் பூவை மிதிக்காமல் வண்டியை ஒதுக்கினாள்.

"ஏன் வளைக்கிற?" அப்பா கேட்டார்.

"பள்ளம்பா."

"இங்க ஏது பள்ளம்?"

கரகரப்பு விலகிப் பாட்டு திரும்பியது.

கூனிமேடு நெருங்கும்போது பாட்டு சட்டென்று அறுந்து, ஸ்பீக்கர் இரண்டிலும் போன் மணி அலறியது. போனில் பிரபுவின் பேர் மின்னியது. மணியை நிறுத்தினால் போதுமென்று ஆஷ்லின் அந்தக் குட்டி சாமானின் பட்டனை அமுக்கினாள். ஒருமுறை அமுக்கினால் எடுக்கும், அமுக்கிப் பிடித்தால்தான் கட் ஆகும். அது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. பதட்டத்தில் போச்சு.

"அக்கா, பொட்டிக்காரர் பக்கத்துல நிக்கறாரு. அளவு கேக்கறாரு. ஆறடி பத்துமா? அப்பா ஒசரமாச்சே. கோயில்ல சாவு மணிக்குச் சொல்லி வெச்சுட்டேன், பந்தலும் போட்டுக்கிட்டு இருக்காங்க. சிலிண்டரை எடுத்துட்டா ரொம்ப நேரம் தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரே, உசுரோட வந்து சேர்ந்துடுவீங்கள்ல? ஹலோ? அக்கா?"

மெதுவாகவா பேசினான்? பாட்டுக்கு வைத்த சத்தத்தில், அப்பாவின் இரண்டு காதுக்கும் பக்கத்தில் நின்று பேசினான். ஆஷ்லின் அந்தச் சாமானையே பிடுங்கி எடுத்தாள். இப்போது ஸ்டேஷன் இல்லாத ரேடியோ வண்டி முழுக்க 'ஸ்ஸ்ஸ்' என்று இரைந்தது. சத்தத்தைக் குறைக்கிற திருகு கைக்குச் சிக்கவே இல்லை.

கண்ணாடியில் பார்த்தாள். அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கையில் ஜெபமாலை நின்றுபோயிருந்தது. பாவி, பாவி என்று ஆஷ்லின் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இந்த ஒன்றைக் காப்பாற்றத் துப்பில்லையே.

கூனிமேடு தாண்டியதும் அப்பா மாஸ்க்கை விலக்கினார்.

"பாட்டை வை."

ஓரமாக நிறுத்தி, போனில் சிம்மை ஆஃப் செய்தாள். இனி யாரும் கூப்பிட முடியாது. ஆஸ்பத்திரி வாசலிலேயே இதைச் செய்திருக்கலாம், அப்போது தோன்றவில்லை. சாமானைத் திரும்பச் சொருகினாள். விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது.

"மெதுவா போ பாப்பா," என்றார்.

அவள் ஓட்டும்போதெல்லாம் 'மாட்டு வண்டியா ஓட்டுற' என்று கத்துகிறவர். ஆஷ்லின் வேகத்தைக் குறைத்தாள். பின்னால் உப்பு லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்து, திட்டிக்கொண்டே முந்திப் போனது. அடிக்கட்டும்.

அப்படி ஊர்ந்து ஊர்ந்து போனாலும் ஊர் வராமல் இருக்குமா, வந்துவிட்டது. தெருமுனையில் மூங்கில் கழிகள் நின்றன. குட்டியானை வண்டியிலிருந்து நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பிரபு ரோட்டுக்கே வந்து, போனையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆஷ்லின் பிரேக்கைத் தொட்டாள். படுத்திருந்தவருக்கு எதுவும் தெரிய வழியில்லை. ஆனால் அது அவர் தினமும் திரும்பிய தெரு.

"திரும்பாத."

"அப்பா..."

"நேரா போ. பயமா இருக்குது பாப்பா."

வாழ்நாளில் அந்த வார்த்தையை அவர் சொன்னதில்லை. சாவு வீட்டுக்கு வராததற்கெல்லாம் வேலை இருக்குது, வண்டி ரிப்பேர் என்றுதான் சொல்லுவார். ஆஷ்லின் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். உள்ளே கட்டில் தயாராக இருக்கும், சாமியார் வந்து உட்கார்ந்திருப்பார், உறவுக்காரர்கள் எல்லாரும் இருப்பார்கள். வீட்டில் உயிர் போகவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஒற்றைக்காலில் நின்றவளே அம்மாதான்.

"போம்மா," என்றாள் சகாயமேரி.

வண்டி தெருவைத் தாண்டியது. பிரபு கையைத் தூக்கினான். பிறகு வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்து நின்றுவிட்டான்.

ஊர் முடிந்து உப்பளம் ஆரம்பித்தது. ஆஷ்லினுக்குக் கண்ணீர் தாரையாக வழிந்து ரோடு கலங்கியது. துடைத்துக்கொண்டே ஓட்டினாள்.

"பொய் சொல்லிட்டேன்பா."

"நல்லாத்தான் சொன்ன. நம்பிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வெளிய இன்னா நடக்குது, சொல்லு."

"உப்புக் குவியலை எல்லாம் மூடிக்கிட்டு இருக்காங்கப்பா. மழை வரும்போல. பாதி மூடிட்டாங்க. ஒரு அம்மா தார்ப்பாய் மேல ஏறி நின்னுக்கிட்டு இருக்குது, காத்துல பறக்காம இருக்க."

"கூட்டமா?"

"நிறைய பேர்பா. அவங்கவங்க வேலையில இருக்காங்க. நம்ம வண்டியை யாரும் பாக்கல."

"சரி. சத்தத்தை ஏத்து."

ஏற்றினாள். சிலிண்டரின் முள் சிவப்புக்கு வந்திருந்ததை அம்மா பார்த்தாள், சொல்லவில்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளும் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறாள், மாதா பாட்டு வைக்கமாட்டேன் என்கிறாரே என்று. இன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த சினிமா டூயட்டைக் கேட்டபடி அவர் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். அவர் தடுக்கவில்லை. பெரிய துளிகளாக மழை கண்ணாடியில் விழுந்தது. ஆஷ்லின் வைப்பரைப் போட்டாள். ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று வந்தது, அதுவும் முடிந்தது.

அடுத்த பாட்டு தொடங்குவதற்கு முந்தின அந்தச் சின்ன இடைவெளியில், மாஸ்க்கிலிருந்து வரும் இரைப்பு கேட்கவில்லை. பிறகு பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஆஷ்லின் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டு முழுசாக முடிகிற வரைக்கும் நேராகவே ஓட்டினாள்.

"ஆஷ்லி," என்றாள் அம்மா. "இப்ப திரும்பிக்கோம்மா."

சரியென்று தலையசைத்தாள். முன்னாலும் பின்னாலும் மழையில் சாலை காலியாகக் கிடந்தது. ஒரு வண்டி இல்லை. இருந்தாலும் இண்டிகேட்டரைப் போட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்து, மெதுவாகத் திருப்பினாள்.