கை வைத்த இடம்

ஜன்னலில் கிடக்கிற அந்தக் கை, முழங்கை வெளியே துருத்திக்கொண்டு, விரல்கள் கதவுத் தகரத்தில் தாளம் தட்ட, கடற்கரைச் சாலையிலிருந்து தெருவுக்குள் வண்டி திரும்பும்போது ரெஜினாளின் கண்ணில் முதலில் படுவது அந்தக் கைதான், அப்புறம்தான் நீல நிற பிக்கப் வண்டி, அதற்கும் அப்புறம்தான் அவள் புருஷன் கஸ்பார், ஹாரன் அடிக்கமாட்டான், அடிக்க ஹாரன் இருந்தால்தானே, மீன் தண்ணீர் இறங்கி அதன் ஒயரெல்லாம் என்றைக்கோ செத்துப்போயிற்று, வீட்டு வாசலில் நிறுத்தித் தகரத்தில் இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொரு தட்டு, அது கேட்டதும் அடுப்பில் என்ன கிடந்தாலும் போட்டுவிட்டு இவள் ஓடிப்போய் இரும்புக் கேட்டைத் திறக்க வேண்டும், ஒரு நாள் வேண்டுமென்றே தாமதித்துப் பார்த்தாள், அவன் இறங்கவுமில்லை, கூப்பிடவுமில்லை, அதே இரண்டு, அதே ஒன்று, விடாமல் தட்டிக்கொண்டே இருந்தான், இறங்கித் திறந்தா கையில கெடக்க வளையலா கழண்டுரும் என்று இவள் திட்டிக்கொண்டே திறக்க, எனக்குத் தொறந்துவிட ஒரு ஆளு இருக்குட்டி, நான் எதுக்கு எறங்கணும் என்று சிரித்தபடி உள்ளே வந்தான், அந்தச் சிரிப்பு இப்போதுதான் வாசலில் நிற்கிறது போல இருக்க, மைனி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, தூசி விழும் என்கிறான் மைதீன்.

மைதீனின் டிங்கரிங் பட்டறையில் வண்டி நிற்கிறது, எஃப்.சி.க்கு நாள் நெருங்கிவிட்டது, தேறாவிட்டால் வண்டி ரோட்டில் இறங்கக்கூடாது, மைதீன் சுத்தியலால் தட்டத் தட்ட வருஷாவருஷம் பூசிய பட்டி அப்பளமாய்ப் பெயர்ந்து விழுகிறது, நீலத்துக்கு அடியில் பட்டி, பட்டிக்கு அடியில் இன்னொரு நீலம், அதற்கும் அடியில் ஒன்றுமே இல்லை, வெறும் ஓட்டை, பத்து விரலாலும் கஸ்பாரும் அவனுமாகச் சேர்ந்து பூசியது, பூசுகிற நாளில் இங்கேதான் கோழிச் சால்னா வரும், வண்டியைச் சீவிச் சிங்காரிச்சுப் பொண்ணு பாக்க அனுப்புதோம் மைனி என்று கேலி பேசுவான் மைதீன், இன்றைக்கு அவன் வாயில் ஒரு கேலியும் இல்லை. மீன் வண்டிக்குத் துரு வருவது புதிதா என்ன, பெட்டியிலிருந்து ஐஸும் உப்பும் மீன் ரத்தமுமாக உருகி ஓடி, பின்தளம் அரித்து, மட்கார்டு அரித்து, மிதிக்கிற இடமெல்லாம் அரித்து, கால் வைத்தால் கீழே ரோடு ஓடுவது தெரியும், ஆனால் ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவில், கண்ணாடி இறங்குகிற விளிம்பில், கஸ்பாரின் முழங்கை கிடந்து கிடந்து பெயின்ட் தேய்ந்து, பிரைமரும் தேய்ந்து, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வெறும் இரும்பு, அந்த இடத்தில் மட்டும் துரு வந்ததே இல்லை, துலக்கிய தட்டாக மினுங்கும், ஊரே ஓட்டையானாலும் ஏங் கை வச்ச இடத்த உப்பு தொடாது பாத்துக்க, நம்ம ராசி அப்படி என்று பெருமை அடிப்பான், ராசி இல்லண்ணே, எண்ணெ என்பான் மைதீன், அதுவும் சரிதான், உப்புக்காற்றில் தோல் வெடிக்கிறதென்று கை நிறையத் தேங்காய் எண்ணெய் தேய்க்காமல் கஸ்பார் வீட்டைவிட்டு இறங்கியதில்லை.

எண்ணெய் தேய்த்து வெயிலில் காய்ந்த கை, வலது கை கறுப்பு, இடது கை மாநிறம், இரண்டும் ஒரே உடம்பில் பிறந்ததா என்று கல்யாணமான புதிதில் இவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள், கடைசியில் சவப்பெட்டிக்குள் இரண்டையும் சேர்த்துக் கட்டி ஜெபமாலை சுற்றிவைத்தபோதும் அப்படியேதான் இருந்தது, ஒன்று கறுப்பு, ஒன்று மாநிறம், வேறு யாரோ வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது போல. தவக்காலம் அது, மீனுக்கு நல்ல விலை, சீலா மீன் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனவன், நெஞ்சில் என்ன செய்ததோ, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வண்டியை ஓரங்கட்டி, கியரைத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இண்டிகேட்டரைப் போட்டு, பிறகு எப்போதும் போலக் கையை எடுத்து ஜன்னலில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான், போகிற வருகிறவர்களெல்லாம் டிரைவர் அசந்து தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள், கை அப்படி இருந்தால் யார்தான் என்ன நினைப்பார்கள், ஐஸ் உருகி உருகி ரோட்டின் குறுக்கே ஓடி, காக்கா வந்து பெட்டிமேல் உட்கார ஆரம்பித்த பிறகுதான் எதிரிலிருந்த டீக்கடைக்காரர் எழுப்ப வந்தாராம், நல்ல உச்சி வெயில், அந்தக் கை சுட்டதாம் அவருக்கு, உசிரு இருக்குன்னுதாம்மா நெனச்சேன், சூடா இருந்துச்சு என்று சொல்லி அந்த மனிதர் அழுதார், இவள் அவருக்குச் சமாதானம் சொன்னாள்.

வண்டி திரும்பி வந்தது, ஓட்டுவதற்கு ஆள் போட்டாள், நல்ல பையன்தான், கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டுகிறவன், அந்த இடத்தில் பிறகு ஒரு கையும் படவில்லை. சாயங்காலம் ஜெபம் சொல்லி முடித்து, நெற்றியில் தீர்த்தம் தொட்டுக்கொண்டு, மிச்சம் விரலில் இருக்கிற ஈரத்தோடு முற்றத்தில் நிற்கிற வண்டிக்குப் போய் அந்த இரும்பில் ஒரு சிலுவை போட்டாள், அது மறுநாளும் நடந்தது, அப்புறம் பழக்கமாயிற்று, கஸ்பாரின் கல்லறை ஊருக்கு அந்தக் கடைசியில் இருக்கிறது, அங்கே அவனுடைய பெயர்தான் இருந்தது, அவன் இங்கேதான் இருந்தான், இந்த உள்ளங்கை அகலத்தில், விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகிற வழுவழுப்பில், ஏங்க, இன்னைக்கு வாளை மீனு வந்துச்சு, நீங்க இல்லாம எனக்கு எறங்கல என்று அதனிடம்தான் சொன்னாள். ஐப்பசி மழையில் முதல் முதலாக ஒரு புள்ளி வந்தது, கடுகளவு, மஞ்சளாக, முந்தானையால் துடைத்தாள், போகவில்லை, பதறிப்போனாள், கோயிலில் பாஸ்கா திருவிழா அன்றைக்கு வாங்கிவைத்த தீர்த்தப் பாட்டிலை அப்படியே எடுத்துவந்து ஊற்றினாள், மாதாவே, மத்ததெல்லாம் எடுத்துக்கோங்க, பின்தளம் போகட்டும், வண்டியே போகட்டும், இந்த ஒரு இடத்த மட்டும் எனக்கு விட்டுருங்க என்று கேட்டாள், மறுவாரம் புள்ளி மிளகளவு ஆகியிருந்தது, நம்முடைய ஜெபம்தான் போதவில்லை என்று எண்ணிப் பஞ்சை நனைத்து அதன்மேல் இரவு முழுவதும் ஒட்டிவைத்தாள், பாட்டில் தீரத் தீரக் கோயிலுக்குப் போனாள், கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளைகூடக் கேட்டார், என்ன ரெஜினா, தீர்த்தத்த வச்சுச் சோறா பொங்குத.

மைனி, இங்க வாங்க, என்று மைதீன் கூப்பிடுகிறான், கதவைக் கழற்றி மேசைமேல் கிடத்தியிருக்கிறான், ஸ்க்ரூடிரைவரை அந்த இடத்தில் வைத்து லேசாக அழுத்த அது உள்ளே இறங்கிப் போகிறது, கதவு எப்பவும் கீழ இருந்துதான் மைனி அரிக்கும், தண்ணி அங்கதான் நிக்கும், இது மேல இருந்துல்லா இறங்கிருக்கு, மீன் தண்ணி இம்புட்டு ஒசரம் எப்படி ஏறும், உப்பு நின்ன மாதிரி இருக்கு, என்னத்தயும் ஊத்துனீங்களா. தீர்த்தம் என்றாள், அது மக்காவுல இருந்து வந்த எங்க வீட்டு ஜம்ஜம் மாதிரிதான மைனி, வெறும் தண்ணிக்கெல்லாம் இரும்பு இப்படிப் போகாது என்று அவன் தலையை ஆட்டிக்கொண்டிருக்க, அவள் அங்கே இல்லை, கோயில் வாசலில் நிற்கிறாள், புது வண்டி, புது நீலம், முகப்பில் சாமந்தி மாலை, சாமியார் அங்கி காற்றில் பறக்கத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருகிறார், கஸ்பார் புதுச் சட்டையில் நின்றுகொண்டு, சாமி, கொஞ்சமாத் தெளிங்க, நீங்க உப்பு போட்டு மந்திரிச்ச தண்ணியில்லா, வண்டி தாங்காது என்கிறான், சுற்றி நின்ற கூட்டமே சிரிக்கிறது, சாமியாரும் சிரித்து, வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுல, துரு ஒனக்குல்லா ஏறிக் கெடக்கு என்று அவன் முகத்தில் நன்றாக ஒரு தெளி தெளிக்கிறார், கோயில் காரியத்துல என்ன கேலி வேண்டிக்கெடக்கு என்று இவள் அவன் இடுப்பில் கிள்ளுகிறாள், சாமியார் அந்தப் பக்கம் திரும்பியதும் கஸ்பார் இவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, கதவு விளிம்பில் நின்ற சொட்டுகளை வலது முழங்கையால் மெதுவாகத் துடைத்துவிடுகிறான், அந்தக் கை அந்தக் கதவில் முதன்முதலாகப் பட்டது அப்போதுதான்.

நாந்தான் மைதீன் அரிச்சிட்டேன் என்றாள் ரெஜினாள், உப்பு போட்ட தண்ணி அது, அவுக அன்னைக்கே சொன்னாக, எனக்குப் புத்தியில ஏறல, தெனமும் கொண்டுபோய் ஊத்தி நானே அவுகள அரிச்சிட்டேன், சொல்லிவிட்டு அப்படியே டயர்மேல் உட்கார்ந்து அழுதாள், பெட்டியை மூடியபோதுகூட இப்படி அழவில்லை. மைதீன் சுத்தியலைக் கீழே வைத்தான், கை படாத இரும்பு மைனி, நீங்க ஊத்தலைன்னாலும் போயிருக்கும், கொஞ்சம் மெதுவாப் போயிருக்கும், அவ்வளவுதான் என்றான், அது நிஜமாக இருக்கலாம், அந்தக் கொஞ்சம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. இப்படியே விட்டுற முடியாதா என்று கேட்டாள், விட்டா இந்த ஆவணிக்குள்ள கதவே ஒடஞ்சு விழுந்துரும், பழைய கதவு ஒண்ணு வாங்கி மாட்டட்டுமா என்றான், வேண்டாம், கதவு இதுவே இருக்கட்டும், அத மட்டும் வெட்டிரு என்றாள். கிரைண்டர் அலறியது, பொறி பறந்தது, வெட்டிய துண்டை அவன் துணியில் ஏந்திக் கொண்டுவந்து நீட்டினான், வாங்கினாள், ஒரு முனையைப் பிடித்த உடனே அது விரலுக்கிடையில் உதிர்ந்து போயிற்று, சீலையில் கொஞ்சம் செம்மண் நிறத்தில் பொடி, உதறவும் மனம் வரவில்லை, காற்று எடுத்துக்கொண்டு போயிற்று.

புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்துக் கதவை மாட்டி முடித்தபோது வெயில் இன்னும் இருந்தது, மைதீன் கை கழுவப் போனான், ரெஜினாள் சுற்றி வந்து ஓட்டுகிற பக்கத்தில் ஏறினாள், இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கம் ஏறியதே இல்லை, எப்போதும் இடது பக்கம்தான், இங்கிருந்து பார்த்தால் ரோடு வேறு மாதிரி இருந்தது, கையைத் தூக்கி ஜன்னலில் வைத்தாள், மைனி, மைனி, பெயின்ட் காயல என்று அங்கிருந்தே கத்தினான் மைதீன், அவள் எடுக்கவில்லை, குளுகுளுவென்று முழங்கையில் ஒட்டியது, துரு மாதிரியே ஒரு சிவப்பு, விரல்கள் வெளியே தொங்கித் தகரத்தைத் தொட்டன, இரண்டு தட்டினாள், கொஞ்சம் விட்டு இன்னொன்று, மறுபடியும் இரண்டு, மறுபடியும் ஒன்று, தாளம் பிசகாமல் சரியாகத்தான் வந்தது, மைதீன் குழாயை மூடாமல் அப்படியே திரும்பி நின்றுகொண்டான். அந்தத் தட்டலுக்கு அடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து கேட்டைத் திறக்கிறவள் ஒருத்திதான், அவள் இங்கே வண்டியில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள்.