நூற்றைம்பது மில்லி

"மாலையைக் கொஞ்சம் தூக்குங்க அண்ணி, அண்ணன் முகம் மறையுது," என்றான் மகேன்.

சாரதா தூக்கினாள். கைதான் மாலையில் இருந்தது. மனசு நேற்றுக் காலை ஏழு மணிக்குச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தது. ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு நூற்றைம்பது மில்லி எண்ணெய். ஊற்றினாளா, இல்லையா?

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அவள் கணவர் இருளப்பன் விழுந்து கிடந்தது நேற்று எட்டரைக்கு. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார் டாக்டர். துக்கம் கேட்க வந்த தோட்டத்து லயத்துச் சனங்களுக்கு டாக்டர் சொன்னது மட்டும் போதவில்லை.

"இன்ஜின் ஜேம் ஆயி இறுகிப் போயிருக்கும். ரெண்டு வருசமா செஞ்ச சாமான் கண்ணு முன்னால போனா நெஞ்சு தாங்குமா?" என்று முதலில் ஆரம்பித்தவன் மகேன்தான். அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்த தம்பி. யாரையாவது திட்டியாக வேண்டும், இன்ஜினைத் திட்டினான். சாயங்காலத்துக்குள் லயம் முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது.

இருளப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அது சம்பளத்துக்கு. உயிர் இருந்ததெல்லாம் அந்தக் கொட்டகையில். அதைப் பட்டறை என்னாமல், மலாயில் பெங்கேல் என்றுதான் சொல்வார். டூ ஸ்ட்ரோக் மோட்டார் என்றால் ஈப்போவிலிருந்துகூடப் பையன்கள் மலையேறி வருவார்கள். தொழிற்சாலையில் கழித்துப் போட்ட இரும்பு உருளை ஒன்றைக் கடைந்து, அதில் ஒரு டைனோவே செய்து வைத்திருந்தார். இன்ஜின் அந்த உருளையைச் சுழற்ற வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அதன் வேகத்தை ஏற்றுகிறதோ அதை வைத்து, இத்தனை குதிரைத்திறன் என்று கணினி சொல்லிவிடும். புகைக்குழாய்க்குத் தகடு வெட்டுவதற்கு முன் பிஸ்கட் பெட்டி அட்டையில் வெட்டிப் பார்ப்பார். வீட்டில் ஒரு பெட்டியும் முழுசாக இருந்ததில்லை.

நூற்றிருபத்தைந்து சிசியில் முப்பது குதிரை. அதுதான் அவருடைய வெறி. "கீழ எவன் வேணா எடுப்பான்லா. இங்க காத்து மெலிசு. இங்க முப்பது வந்தா கீழ முப்பத்தஞ்சு," என்பார். சாமி கும்பிடும்போதுகூட அதைத்தான் வேண்டிக்கொண்டிருப்பாரோ என்று சாரதாவுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எண்ணெய் கலப்பது மட்டும் அவள் வேலை. இந்த ரக இன்ஜினில் எண்ணெய்க்குத் தனி இடம் கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகிற எண்ணெய்தான் பிஸ்டனை வழுக்க விடும். அது இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஒருமுறை ஏதோ யோசனையில் இருளப்பன் இரண்டு தடவை ஊற்றி, லயமே புகையில் இருமியது. அன்றோடு அந்தப் பொறுப்பு சமையலறைக்கு வந்துவிட்டது. மகள் வசுமதி குழந்தையாக இருந்தபோது குடித்த பால் புட்டியில் மில்லிக் கோடுகள் இருந்தன. அதில்தான் அளப்பாள்.

நேற்றும் புட்டியை எடுத்தாள். போன் அடித்தது. ஈப்போவிலிருந்து வசுமதி. மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டாள். புளியில் ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போனது. போனை வைத்தபோது பெட்ரோல் கேனைக் காணோம், அவர் எடுத்துப் போயிருந்தார். புட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. ஊற்றிவிட்டுக் கழுவினாளா, முந்தாநாள் கழுவியதேதானா?

எட்டு மணிக்கு இன்ஜின் அலறுவது கேட்டது. பிறகு சட்டென்று நின்றது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. முழு வேகத்தில் ஓடும்போதே சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்தி, ப்ளக்கைக் கழற்றி, உள்ளே சரியாக எரிந்திருக்கிறதா என்று முனையின் நிறம் பார்ப்பது அவர் வழக்கம். ஆனால் ஜேம் ஆனாலும் அப்படித்தான் நிற்கும். குழாயைத் திறந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. தேத்தண்ணி குடிக்க வருவார் என்று அரை மணி நேரம் காத்திருந்தாள்.

கேனைப் பார்த்தால் தெரிந்திருக்கும், எண்ணெய் கலந்தால் பெட்ரோல் நீலமாக இருக்கும். அவர் விழுந்த வேகத்தில் கேன் சாய்ந்து மண் எல்லாவற்றையும் குடித்துவிட்டது. யாரிடம் கேட்பது? அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் வசுமதியிடம் வாயே திறக்க முடியாது. போன் பண்ணியவள் அவள்தானே.

வெளியே மேளம் ஆரம்பித்தது. மகேன் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. "காட்டுக்குப் போயிட்டு வந்ததும் அந்த இன்ஜினத் தூக்கி லோரியில போட்டு, பழைய இரும்புக்குக் குடுத்துருவேன்."

சாரதா எழுந்தாள்.

"எங்கடி போற? தூக்குற நேரம்," என்றாள் ஒன்றுவிட்ட அக்கா ருக்குமணி.

"பின்னாலதான்க்கா. வந்துர்றேன்."

கொட்டகையில் இன்னும் பெட்ரோல் வாடை. டைனோ மேல் இன்ஜின் அப்படியே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் புது ப்ளக்கின் காலி அட்டைப்பெட்டி, நேற்றுப் பிரித்தது. கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, இன்ஜினின் ஓரத்துச் சக்கரத்தில் கை வைத்தாள். ஜேம் ஆகியிருந்தால் இது சுற்றாது. தள்ளப் பயமாக இருந்தது. தெரியாமலே இருந்துவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தள்ளினாள்.

முதலில் அசையவில்லை. இன்னும் அழுத்தினாள். உள்ளே காற்று இறுகி, ஃபுஸ்ஸென்று விட்டுக்கொடுத்தது. சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றியது. இன்னொரு சுற்று. எங்கும் உரசல் இல்லை.

"அண்ணி, இங்க என்னா பண்றீங்க?" வாசலில் மகேன் நின்றான்.

"ப்ளக் சாவி எங்க தம்பி?"

அவன் தயங்கினான். "அண்ணன் கையில இருந்துச்சு. நான்தான் உருவி மேசையில வச்சேன்."

நிறம் பார்க்கத்தான் போயிருக்கிறார். சாரதா சாவியைப் போட்டுத் திருகி, ப்ளக்கை வெளியே எடுத்தாள். முனை நல்ல காப்பி நிறம். மரையைச் சுற்றி ஈரமாக, வழவழவென்று எண்ணெய். நேற்றுப் போட்ட புது ப்ளக்கில் நேற்று ஊற்றிய எண்ணெய். விரலில் ஒட்டியதை மூக்கருகே கொண்டுபோனாள். அவர் சட்டை வாசம்.

அவளுக்கு அழுகை வந்தது. நேற்றிலிருந்து வராத அழுகை.

"ஜேம் ஆவல, தம்பி. சுத்துது பாரு."

மகேன் வந்து சக்கரத்தைத் தானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கணினியைத் தட்டினான். திரை விழித்துக்கொண்டது. முப்பது புள்ளி ஆறு.

"பாத்திருப்பாரா அண்ணி?"

"இந்த நம்பரப் பாக்காம சாவியக் கையில எடுக்க மாட்டாரு."

மகேன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "அது இங்கயே இருக்கட்டும்," என்றான்.

வீட்டுக்குள் வாய்க்கரிசி போட அவளுக்காகக் காத்திருந்தார்கள். ருக்குமணி தட்டை நீட்டிய கையோடு நிறுத்தினாள்.

"கையெல்லாம் கரி. கழுவிட்டு வா சாரதா."

"இருக்கட்டும்க்கா."

குனிந்து மூன்று முறை போட்டாள். அரிசி விழுந்தது. எண்ணெய் பட்ட விரலில் மட்டும் நாலைந்து மணிகள் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தன. அவள் உதறவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டு, தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டு நின்றாள்.