பூபதிராஜாவின் இடுப்பு வலி

கேரள எல்லையோர மீனாட்சிபுரத்தில் பூபதிராஜாவின் தொழுவத்துக்கு மாட்டு டாக்டர் ஷைஜு வந்து பையைத் திறப்பதற்குள், பூபதிராஜா தொண்டையைக் கனைத்துவிடுவான். "செனை மாடுங்க டாக்டர்." சிரிஞ்சில் மருந்து ஏறும்போது இன்னொரு முறை சொல்வான். ஊசி தோலைத் தொடும்போது மூன்றாவது முறை, கொஞ்சம் உரக்க. மாடு கன்று ஈன்றால் இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, முழுசாக விழுந்ததா என்று புரட்டிப் பார்த்து, வைக்கோலோடு சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்ட பிறகுதான் காப்பியே குடிப்பான்.

மனைவி கிருத்திகா மாசமானபோது மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்தது. முதல் கரு தொடக்கத்திலேயே கலைந்திருந்தது. ஊரெல்லாம் சொல்லித்தான் கண்ணுபட்டது என்பது அவன் கண்டுபிடிப்பு. இந்த முறை மூச்சு விடக் கூடாது. கொல்லையில் நின்ற பப்பாளி மரத்தை வெட்டிச் சாய்த்தான்; ஏன் என்று கேட்ட பங்காளியிடம் வேர் சுவருக்குள் போகிறது என்றான். கிரகணத்தன்று ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டினான். பிள்ளையைக் காப்பாற்ற ஒரு மனிதன் இதற்கு மேல் என்னதான் செய்ய முடியும்?

கிருத்திகாவுக்கு டிஸ்க் விலகிய பழைய வலி. பொள்ளாச்சி டாக்டர் எப்போதோ சில நாளைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை, சீட்டு கிழிந்த பிறகும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் காளிச்சாமியின் மருந்துக் கடையில் பூபதிராஜாவே வாங்குவான். தெரிந்த முகத்துக்குச் சீட்டு எதற்கு? கடை வாசலில் ஊர்க்காரர்கள் நாலு பேர் எப்போதும் நிற்பார்கள்.

"ஆருக்குங்க இது?" என்று ஒரு நாள் காளிச்சாமி கேட்டார்.

"எனக்குத்தானுங்க. இடுப்பு வலி."

சொல்லும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அந்த நடிப்பு அவனுக்கே பிடித்திருந்தது.

"ஏனுங்க, வலி இல்லாதப்பவும் மாத்திரை வேணும்னு தோணுதுங்க. போடாட்டி ஒடம்பெல்லாம் வேர்த்து நடுங்குதுங்க" என்றாள் கிருத்திகா ஒரு ராத்திரி.

"மாசமா இருந்தா அப்படித்தான் புள்ள இருக்கும்" என்றான், பத்துப் பிள்ளை பெற்றவன் மாதிரி.

ஊர்க்கண்ணுக்குத் தப்ப, பரிசோதனைக்குப் பாலக்காடு டவுனுக்குத்தான் போனார்கள். டாக்டர் அம்ருதா கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். ஏழாம் மாத ஸ்கேனைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"கொழந்தைக்கு எடை போறலை. நஞ்சுக்கொடியும் சின்னதா இருக்கு, ரத்த ஓட்டம் கம்மி. வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறயாம்மா?"

வழக்கம்போல "ஒண்ணுமில்லீங்க" என்று பூபதிராஜா சொல்லி முடிப்பதற்குள், கிருத்திகா பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். டாக்டர் அதைத் திருப்பிப் படித்தார்.

"இது அபின் வகை மருந்து. அம்மா சாப்பிட்டா கொடி வழியா கொழந்தைக்கும் போகும். கொடியோட வளர்ச்சியையும் கெடுக்கலாம். இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல முடியாது. கொழந்தையும் இதுக்குப் பழகியிருக்கும்."

"கொடி வடிகட்டிராதுங்களா?"

மாட்டுக்கு ஊசி போட்டால் அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாமல் மண்ணில் கொட்டுகிறவன் கேட்ட கேள்வி இது.

"இன்னிக்கே சாணிக் குழியில போட்டர்றேனுங்க" என்றான்.

"அது மட்டும் பண்ணப்டாது. திடீர்னு நிறுத்தினா கொழந்தைக்கு இன்னும் ஆபத்து. வேற மருந்தா மாத்தி, அளவாக் குடுத்து நாங்க பார்த்துக்கணும். இங்கேயே சேர்த்துடுங்கோ."

அந்த மாற்று மருந்தும் அபினுக்குச் சொந்தம்தானாம். பப்பாளியை வெட்டியவன், மனைவி அதை வேளை தவறாமல் விழுங்குகிறாளா என்று பக்கத்தில் நின்று பார்த்தான். வராந்தாவுக்கு வந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான்.

நாள் நிறையும் முன்பே பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோகூட இல்லை. நர்ஸ் செபமாலையம்மாள் வெளியே வந்ததும், பழக்க தோஷத்தில், "கொடி முழுசா விழுந்துச்சுங்களா?" என்று கேட்டான். அந்த அம்மாள் விநோதமாகப் பார்த்துவிட்டுத் தட்டைக் கொண்டுவந்து காட்டினார். கொடி சிறியதாக, அங்கங்கே வெளுத்துக் கிடந்தது. ஒரு கன்றுக்கு இப்படி விழுந்திருந்தால் தாய்க்கு என்ன கொடுத்தோம் என்று அன்றே ஊரைக் கூட்டி விசாரித்திருப்பான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் குழந்தை நடுங்க ஆரம்பித்தது. கீச்சென்று ஓயாத அழுகை. பாலை உறிஞ்சத் தெரியவில்லை. சொட்டு மருந்தில் அடங்கும், ஆனால் நாளாகும், வளர வளரத்தான் மற்றது தெரியும் என்றார் டாக்டர்.

மாற்றுத் துணி எடுத்து வரவும், பொள்ளாச்சியிலிருந்து மாமியாரைக் கூட்டி வரவும் புறப்பட்டவன், வழியில் பஞ்சு வாங்கக் காளிச்சாமி கடையில் நின்றான். அதே நாலு பேர் இருந்தார்கள். கேட்காமலே மாத்திரை அட்டை ஒன்று மேஜைக்கு வந்தது.

"இடுப்பு வலி எப்படிங்க இருக்குது?"

பூபதிராஜா தொண்டையைக் கனைத்தான்.

"அந்த மாத்திரை எனக்கில்லீங்க. எம்பட ஊட்டுக்காரிக்கு. அவ மாசமா இருந்தாளுங்க."

காளிச்சாமியின் கை அட்டையை உள்ளே இழுத்தது. "அட, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே குடுத்திருக்க மாட்டனுங்களே."

வாசலில் நின்றவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காதோ என்று பூபதிராஜா திரும்பி இன்னொரு முறை சொன்னான். பிறகு மூன்றாவது முறை, கொஞ்சம் உரக்க.