சிவப்புக் கோடு போட்ட கேள்வி

“யாரு கேட்டாலும் மாத்திரை கீத்திரை எதுவும் இல்லேன்னு சொல்லிடு. கவுண்டர்ல இருக்கிறது மாப்பிள்ளையோட அத்தை,” என்று பல் ஆஸ்பத்திரிப் படியேறும்போது கணவர் அவளிடம் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

அவள் வாரம் ஒரு நாள் எலும்பு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். மகளுக்கு வரன் கூடிவந்ததிலிருந்து அதையும் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்கிறாள். அம்மாவுக்கு எலும்பு தேய்ந்தால் பெண்ணுக்கும் தேயும் என்று சம்பந்தி வீட்டார் கணக்குப் போடுவார்களாம். அவர்களுக்கு முன்பே இவர் போட்டு முடித்துவிட்டார்.

“சம்பந்தியம்மாவைப் பாரு, பொண்ணு பாக்க வந்தன்னிக்குக் கைக்குட்டையை வாயிலேர்ந்து எடுக்கவே இல்ல. பொம்பளைன்னா அப்படி இருக்கணும்,” என்று அவளுக்கு ஒரு குட்டும் வைத்தார்.

அத்தை ஃபாரத்தை நிரப்பினாள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு எல்லாவற்றுக்கும் கணவரே “இல்ல” என்றார். வலிக்கிற கடைவாய்ப்பல் மட்டும்தான் அவளுடையது.

“எலும்பு பலத்துக்கு மாத்திரை, ஊசி?”

“அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா!”

அந்தக் கேள்விக்கு மட்டும் சிவப்புக் கோடு போட்டிருந்தது. “இது எதுக்குங்க?” என்று அவள் அத்தையைக் கேட்டாள்.

“அந்த மாத்திரை சாப்பிடுறதைச் சொல்லாம பல்லைப் புடுங்கினா, சில பேருக்குத் தாடை எலும்பு ஆறாமலே போயிடும்.”

அவள் ஃபாரத்தில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். “மூணு வருஷமா சாப்பிடுறேன். எழுதிக்கோங்க.”

கணவருக்கு முகம் செத்துப்போயிற்று.

உள்ளே டாக்டர் பதறவில்லை. “எலும்பு டாக்டரைக் கேட்டுக்கலாம். முதல்ல வாயைச் சுத்தம் பண்ணி, எலும்பு அடிபடாம எடுத்துத் தையல் போடுறேன். நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க,” என்றார்.

வெளியே வந்ததும் அத்தை அவள் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனாள்.

“எங்க அண்ணியும் இதே மாத்திரைதாங்க. பையனுக்கு வர்ற சம்பந்தம் கெட்டுடும்னு அண்ணன் சொல்லக்கூடாதுன்னுட்டார். தெரியாத ஊர்ல போய்ப் பல்லைப் புடுங்கிக்கிட்டாங்க. எட்டு மாசமாச்சு, தாடை இன்னும் ஆறல. சீழ் வாடை வருதுன்னுதான் அந்தக் கைக்குட்டை. கோடு நான் போட்டதுதான்.”

கணவர் வாசலில் தவித்துக்கொண்டிருந்தார். “என்ன சொன்னாங்க? சம்பந்தம் போச்சா?”

“போகல. நாளைக்கு எலும்பு டாக்டரைப் பாத்துட்டு வரேன்.”

“நானும் வரேன்.”

“வேணாம். சம்பந்தியம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். நாங்களே பேசிக்குவோம்.”